வாய்வு என்று சொன்னது

தோஹா
04.05.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மகன் இப்போது யாரும் பிடிக்காமலே உட்காருகிறான்.

மௌத்தானவர்கள் என்ன நோயில் இறந்தார்கள் என்று வீட்டாரிடம் கேட்டு ஆராய்கிற ஹுஸ்னியா என்ற பிள்ளை எனக்கும் போனில் கோல் எடுத்தா. உம்மாவுக்கு வாய்வு மட்டும்தான், அன்று திடீரென்று போய்விட்டா என்றேன். நீங்கள் ஏழு மாதமாக நெஞ்சு நோவு என்றீர்களாம். எது சரி என்று கேட்கிறா. உங்களுக்கு வயது போய்விட்டது வாப்பா, மாறிச் சொல்லியிருப்பீர்கள். ஞாபகமில்லை என்று சொல்லிவிடுங்கள். நான் நாள் தவறாமல் உம்மாவோடு போனில் கதைத்தவள்.

மகள் நிப்லா

சாய்ந்தமருது
17.05.2025

மகள் நிப்லாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து கதைப்பாய். அதனால் பக்கத்து வீட்டு றாஹிலாவை எழுதச் சொன்னேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, நாள் தெரியும்.

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் வெள்ளி. எதிர்வீட்டு றிஸ்கானின் கலியாணத்துக்கு அடுத்த நாள். கீரிமீன் வெட்டிக்கொண்டிருந்த உன் உம்மா கத்தியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தா. இடது கை விறைக்குது என்றா. ஆஸ்பத்திரிக்கு வா என்றேன்.

"சும்மா இரிங்க, வாய்வுதான். ஆஸ்பத்திரி எண்டா புள்ளக்கித் தெரிய வரும். வயித்தோட இரிக்கிறவள்" என்றா.

நீ கேட்கும்போதெல்லாம் வாய்வு என்றது அவ. ஓம் ஓம் என்று பின்னால் நின்றது நான். பிள்ளை பிறந்ததும் சொல்வோம் என்றேன். பிறந்து நாற்பது நாள் கழியட்டும் என்றா. உன் பிள்ளைக்கு முப்பத்தொரு நாள் ஆன அன்று மௌத்தானா.

"இதையும் எழுதவா மாமா?" என்று றாஹிலா கேட்கிறா. எழுதத்தான் வேணும்.

உனக்குப் பொய் சொன்னோம் மகள். உன் கோபத்தை நான் தாங்குவேன். ஆனால் ஹுஸ்னியாவின் கடதாசியில் 'திடீரென்று' என்று நிற்கக்கூடாது. இந்த ஊரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாய்வு என்று வெள்ளைப்பூடு தின்கிற பெண்கள் எத்தனை பேர்.

எழுத்து றாஹிலாவுடையது, சொல் என்னுடையது.

உன் வாப்பா
நளீம்

தோஹா
10.06.2025

வாப்பா,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் உங்களுக்குக் கோல் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். கோபம் இன்னும் இருக்கிறது.

நேற்று ஹுஸ்னியாவோடு கதைத்தேன். வாப்பா சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் முன்பு சொன்ன பதில்களை அவ ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினா. கடைசி மாதங்களில் உம்மாவோடு கூட இருந்தீர்களா என்ற கேள்விக்கு, ஓம் என்று சொல்லியிருக்கிறேன்.

இல்லை என்று மாற்றச் சொன்னேன்.

உங்கள் மகள்
நிப்லா