ஐந்தாவது கசற்றின் இரண்டாம் பக்கம்

மரண அறிவித்தல்.

தூரகிழக்கு நாடொன்றைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோ பலசரக்குக் கடையொன்றின் காசுமேசை ஓரத்தை முன்னாள் வதிவிடமாகவும், உன் வாக்மனின் வயிற்றை இறுதி வாழ்விடமாகவும் கொண்ட இரட்டைச் சகோதரர்களாகிய பற்றறிகள் இருவரும் இன்று மாலை நாலு மணியளவில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பஸ்ஸில், ஒரே நேரத்தில் காலமானார்கள். அன்னார்கள் எங்கள் வீட்டு ரீவி றிமோட்டின் பாசமிகு பெறாமக்களும், ஓடாத சுவர்மணிக்கூட்டின் அன்பு மைத்துனர்களும் ஆவர். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: நான்.

சிரித்தாயா, மச்சான்? சிரித்திருப்பாய். தமிழ்ப் பேப்பரில் வரும் அறிவித்தல்களை உங்கள் வீட்டுக் குசினியில் இருந்து சத்தமாய் வாசித்து, செத்தவர்களுக்கு எத்தனை மைத்துனர்கள் என்று எண்ணிச் சிரித்தவர்கள்தானே நாங்கள். உன்னுடையது வந்த கிழமை நான் பேப்பரைத் தொடவில்லை. அம்மா மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டா. உன் வயதை ஒன்று கூட்டிப் போட்டுவிட்டார்களாம். உனக்கு அது பிடித்திருக்கும். என்னை விட மூத்தவன் என்று காட்டத்தானே எப்போதும் நின்றாய்.

பற்றறி சாகும்போது சத்தம் உடனே நிற்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாய்த் தடித்து, இழுபட்டு, குளத்துக்கு அடியில் இருந்து ஆரோ கதைப்பது போல ஆகிறது. பஸ் யன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அதுவும் இழுபட்டுத்தான் விழுந்தது. அந்த இழுவைக்குள் எனக்கு எங்கள் கோடை முழுவதும் திரும்பி வந்தது.

ஒரு பாட்டைத் தொடங்கி, அது எங்கே போய் முடியும் என்று தங்களுக்கே தெரியாமல் அரைமணித்தியாலம் வாசிக்கிற ஒரு கூட்டம். விட்பியில் வாசித்த பாட்டைக் கிங்ஸ்ரனில் வேறு பாட்டாக்கிவிடுவார்கள். அதனால் அவர்களை ஒரு நாள் பார்த்தவன் அடுத்த ஊருக்கும் போகவேண்டும். போகிறவன் கசற்றில் பதிவான், பதிந்ததை மற்றவனுக்குக் கொடுத்து அவனுடையதை வாங்குவான். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஜாம் பான்ட் என்று பெயர். அந்தக் கோடையில் அவர்கள் ஐந்து ஊரில் வாசித்தார்கள். முதலாவதான விட்பிக்குப் போக அனுமதி கேட்டு நாங்கள் இரண்டு பேரும் என் அம்மாவுக்கு முன்னால் நின்றோம்.

“ஜாம் பாணோ?” என்றா அம்மா. “அதுக்கேன் விட்பிக்குப் போவான்? இஞ்சை வீட்டிலை பாணும் இருக்குது, ஜாமும் இருக்குது.”

“இது வேறை ஜாம் பாண், அன்ரி. அங்கை திறமாப் போடுவினம்” என்று நீ முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாய். பகிடிக்காரன் என்று பெயர் எனக்கு. ஆனால் அன்றைக்கு அடித்தது நீ.

அடுத்த நாள் காலை ஒரு முழுப் பாண் துண்டு துண்டாய் வெட்டி, ஜாம் பூசி, பேப்பரில் சுற்றி மேசையில் இருந்தது. “அங்கை முடிஞ்சு போச்செண்டால் பசி கிடக்கப் போறியள்” என்றா. விட்பி மைதானத்தில் அதைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்த நீண்ட தலைமுடிக்காரன் எட்டிப் பார்த்தான். பாட்டுக் கேட்க முன் இதைத் தின்பது எங்கள் சமய வழக்கம் என்று நான் அவனுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவன் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, மெதுவாய்ச் சப்பித் தின்றான். பிறகு அவனுடைய ஆட்கள் பதினொரு பேர் வரிசையில் வந்தார்கள்.

“உனக்கு நரகம்தான்” என்றாய் நீ.

“அப்ப முதல் போய் எனக்கும் இடம் பிடிச்சு வை” என்றேன்.

என்ன வாய் எனக்கு.

அந்தக் கூட்டத்துக்குத் தமிழில் பெயர் வைத்ததும் நீதான். ஜாம் என்றால் எல்லாப் பழமும் ஒன்றாய்க் கரைந்து போய்விடும், இது அப்படி இல்லை என்றாய். “இது கூழ், மச்சான். நண்டு நண்டாக் கிடக்கும், பலாக்கொட்டை பலாக்கொட்டையாக் கிடக்கும். ஆனால் குடிக்கேக்கை ஒண்டு.” அன்றிலிருந்து எங்களுக்கு அவர்கள் கூழ்க்குழு. ட்ரம்ஸ்காரன் நண்டு. கிட்டார்க்காரன் ஒடியல் மா, அவன் இல்லாவிட்டால் தடிப்பு வராது.

உன் பதியும் கருவியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. உன் அம்மா வீடு கூட்டுகிற தும்புத்தடியில் தும்பைக் கழற்றிவிட்டு நுனியில் மைக்கைக் கட்டியிருந்தாய். அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, கோயில் கொடி தூக்கினவன் போல அசையாமல் நிற்பாய். கைதட்டக் கூடாது. இருமக் கூடாது. ஆனால் பாட்டு மெலிந்து ஒரேயொரு தந்தி மட்டும் கேட்கிற இடம் வந்தால் என் வாய் நிற்காது. மைக்குக்குக் கிட்டப் போய், “இதால் அறியத்தருவது, ஒரு நீல நிறக் கார் வழியை மறிச்சு நிக்குது” என்பேன்.

“உன்ரை வாய் எல்லாக் கசற்றிலையும் கிடக்குது. நூறு வருசத்துக்குப் பிறகு ஆரும் கேட்டால் என்ன நினைப்பாங்கள்?”

“கார் எடுத்தாச்சோ எண்டு கேப்பாங்கள்.”

ஒவ்வொரு கசற்றுக்குள்ளும் ஒரு அட்டை வைப்பாய். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று, கண்ணாடி போட்டுப் பார்க்கவேண்டிய சின்ன எழுத்தில் எழுதி, இடையிடையே அம்புக்குறி போடுவாய். கமா போட்டால் என்ன என்று கேட்டேன். “கமா எண்டால் பாட்டு முடிஞ்சுது. அம்பு எண்டால் முடியேல்லை, அடுத்ததுக்குள்ளை போகுது” என்றாய்.

பீற்றர்பரோவுக்குப் பிறகு கிங்ஸ்ரன். ஏரியில் இருந்து புகார் ஏறி மைதானத்தை மூடியிருந்தது. மேடையில் ஆட்கள் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் பால் கலங்கின மாதிரித் தெரிந்தது. அன்றைக்கு வாசித்த பாட்டு எப்போது தொடங்கியது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆயிரம் பேர் நின்ற இடத்தில் நின்று, தண்ணீருக்குள் நிற்கிற புல்லைப் போல ஆடிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணை மூடியிருந்தாய். உன் மூக்கில் இருந்து இரத்தம் இறங்கி, வாயைச் சுற்றி, நாடியில் இருந்து சேட்டில் சொட்டியது. தும்புத்தடி ஒரு அங்குலம் சரியவில்லை.

“மச்சான், ஜாம் ஒழுகுது” என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

“தடியைப் பிடி. ஆட்டாதை” என்று மெல்லச் சொல்லிவிட்டு, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அண்ணாந்து நின்றாய். பாட்டு முடியும்வரை உட்காரவில்லை.

ஒட்டாவாவில் உனக்குக் காய்ச்சல். திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் தலையை வைத்துப் படுத்தாய். தோள் கொதித்தது. அதுக்கு அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் உன் இரத்தத்தில் பிழை என்றார்கள். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று உன் அம்மாவைக் கேட்டேன். அன்ரி உன் போர்வையை இழுத்து மூடிவிட்டா.

கூழ்க்குழுவின் கடைசி நாள் ரொறொன்ரோவில், ஏரிக்கரைப் பூங்காவில், சனிக்கிழமைப் பின்னேரம். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில். தும்புத்தடியை நான் பொறுப்பெடுத்தேன்.

“எனக்கு ஐஞ்சாவதும் வேணும்” என்றாய். “பிற்பாதியை மட்டும் பதி. ரெண்டு பக்கமும் வேணும். நாப்பத்தைஞ்சு நிமிசத்திலை மறக்காமல் திருப்பு. கதையாதை. பகிடி விடாதை.”

“மூச்சு விடலாமோ?”

“மெல்லமா விடு.”

நீ கேட்ட ஒரே பொருள் அது. பழம் வேண்டாம், புத்தகம் வேண்டாம், ஐந்தாவது கசற் மட்டும். நான் போனேன், பதிந்தேன், கொண்டுவந்து தந்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொன்னேன்: மூன்று மணித்தியாலம் கண் வெட்டாமல் தடி பிடித்தவன் நான், கூழ்க்குழுவின் ஐந்து நாளையும் கண்ட ஒரே தமிழன் நான். நீ பார்த்தது நாலு. அதையும் உன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து வந்தபோது வாக்மன் உன் நெஞ்சில் கிடந்தது.

“எப்பிடி?” என்றேன்.

“சத்தம் நல்ல சுத்தம். ரெண்டாம் பக்கம் இன்னும் திறம்.”

“ரெண்டாம் பக்கமோ?”

“ஓம். அதிலை ஒரு இடத்திலை அழுகிற மாதிரி வருது. நானும் அழுதிட்டன்.”

“அது கிட்டார்” என்றேன்.

“ஓமோம். கிட்டார்தான்.” பிறகு, “உன்ரை அம்மாவின்ரை முழங்கால் இப்ப எப்பிடி?” என்றாய். “நீயும் ஒழுங்காப் படி, மச்சான்.”

மருந்து மயக்கம் என்று நினைத்தேன்.

மரங்கள் இலை கொட்டி முடிய முன் நீ போய்விட்டாய். முப்பத்தோராம் நாள் அன்ரி உன் வாக்மனை என் கையில் தந்தா. கசற் உள்ளே இருந்தது. திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

மார்கழியில் யாழ்ப்பாணத்தில் இருந்து பெரியம்மாவின் கடிதம் வந்தது. அங்கே ரெலிபோன் இல்லை. அதனால் அம்மா வருடத்துக்கு இரண்டு தடவை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கசற்றின் இரண்டு பக்கமும் கதைத்துப் பதிந்து, கொழும்புக்குப் போகிற ஆரிடமாவது கொடுத்து அனுப்புவா. கோடையில் பக்கத்து நகரான மார்க்கத்தில் இருந்து ஒரு அங்கிள் போனார். அம்மாவின் கசற்றை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான். கடிதத்தை அம்மா மேசையில் இருந்து சத்தமாய் வாசித்தா.

“உன்ரை கசற் கிடைச்சது. இஞ்சை கரண்ட் இல்லைத்தானே, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவிலை போட்டம். சின்னவன் பெடல் சுத்தினவன். உன்ரை குரல் இப்ப வரும், இப்ப வரும் எண்டு எல்லாரும் சுத்தி இருந்தம். ஒரே ஒரு பாட்டுத்தான் ஓடினது, மேளமும் தண்ணியும் சேந்த மாதிரி. சின்னவனுக்குக் கை களைச்சால் பாட்டும் களைக்குது. நடுவிலை ஒரு எருமை மூச்சு விடுற மாதிரிச் சத்தம். பிள்ளையள் அதுக்குச் சிரிச்சினம். வடிவாத்தான் இருந்தது, தங்கச்சி. ஆனால் அடுத்தமுறை கதைச்சு அனுப்பு.”

அம்மா கடிதத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

“அந்த எருமை, பேஸ் கிட்டார் அம்மா” என்றேன்.

“அதை விடு. நான் ஒண்டரை மணித்தியாலம் ஆருக்கடா கதைச்சனான்?”

ஒரே கடையில் வாங்கின, ஒரே நிறக் கசற் இரண்டு. பெயர் எழுதுகிற வேலை உன்னுடையது, நான் எழுதவில்லை. ஒரே பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு முதலில் ஆஸ்பத்திரிக்கும், பிறகு மார்க்கத்துக்கும் போயிருந்தேன்.

லாச்சியைத் திறந்தேன். வாக்மனைத் திறந்தால், கசற்றோடு உன் அட்டை இருந்தது. அதே சின்ன எழுத்து, கொஞ்சம் நடுங்கிய எழுத்து.

முதற் பக்கம்: சுகம் விசாரிப்பு → குளிர் → மறுபடியும் குளிர் → முழங்கால் (நீண்டது).
இரண்டாம் பக்கம்: பெடியன் படிக்கிறானில்லை (வேகமாக) → அக்காவின்ரை சட்டையைக் களவாய்ப் போட்ட கதை → அழுகை → மூக்குச் சீறல் → போயிட்டு வாறன் →

கடைசி அம்புக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அம்மா அட்டையை வாங்கி வாசித்தா. ‘முழங்கால் (நீண்டது)’ என்ற இடத்தில் சிரித்தா. பிறகு, “பிள்ளை முழுக்கக் கேட்டிருக்குதடா” என்றா. அன்றைக்கே பெரியம்மாவுக்கு வேறு கசற்றில் கதைக்கத் தொடங்கினா. இதை அழிக்கவில்லை.

இன்றைக்குப் பஸ்ஸில் இழுபட்டு நின்றது அம்மாவின் குரல்தான், மூக்குச் சீறலுக்குக் கொஞ்சம் முன்னால். வரும் வழியில் புதுப் பற்றறி வாங்கிவிட்டேன். அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. நீ கேட்ட வரிசையிலேயே நானும் கேட்கிறேன். அம்மா மறுபடியும் குளிரைப் பற்றித் தொடங்குகிற இடத்தில், நீ படுத்திருந்து சிரித்திருப்பாய் என்று தெரிகிற இடத்தில், ஒவ்வொரு முறையும் நிறுத்தி, கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி, திரும்பக் கேட்கிறேன்.

ஒரு விசயம் மிச்சம். அம்மாவுக்கும் சொல்லவில்லை. பெரியம்மாவின் கடிதத்தில் கடைசியாய் இன்னொரு வரியையும் அம்மா வாசித்தா: மற்றப் பக்கத்தில் ஒன்றுமே இல்லையாம். இருக்காது. ஏரிக்கரையில் வெயில் இதமாய் இருந்தது, புல் மெத்தை மாதிரிக் கிடந்தது, அந்தக் கிழமை முழுக்க எனக்கு வீட்டில் நித்திரை வரவில்லை. பிற்பாதி தொடங்கி முதற் பாட்டு முடிய முன்னமே தடியை நெஞ்சில் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். எழும்பியபோது சனம் போர்வை மடித்துக்கொண்டிருந்தது. கசற்றைத் திருப்பவே இல்லை. இரண்டாம் பக்கம் திறம் என்று நீ சொன்னபோது நான் திருப்பிக் கேட்டது அதனால்தான். எனக்காகப் பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். ஆகவே ஐந்து இல்லை, மச்சான், நாலரை. அந்த எருமை பேஸ் கிட்டாரும் இல்லை. மூச்சை மெல்லமா விடு என்று நீ சொல்லித்தான் அனுப்பினாய். அதைக்கூட நான் ஒழுங்காய்ச் செய்யவில்லை.