எழுத்துக்குப் பின்னால் நெட்டை

மார்ச் 3

இரும்புப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருஷம். அதே வாரம்தான் தியேட்டர் கூரை பறந்தது, என் மகன் கால் முன்னே வந்து பிறந்தான். அந்த வருஷம் கிடங்கு வாசலில் நாங்கள் ஐந்து பேர் சுமை தூக்குவோர் சங்கத்தை ஆரம்பித்தோம்.

நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது. தேதியையும் அதுவே போட்டுக்கொள்கிறதாம். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. நடந்தது எதுவும் மறக்காது.

இன்று சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஐம்பதாவது வருஷத்துக்குப் புதுக் கடிதத் தாள் வேண்டுமாம். எழுத்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு படம். யார் படம்? ஐந்து பேரில் ஒருத்தனான நெட்டையின் படம். முதல் தலைவராம். டைப் வேலை செய்கிற என் மருமகளிடமே அதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் வீடு, என் மருமகள், என் வீட்டுக் கரண்ட். அவன் மூஞ்சி.

மார்ச் 4

டீ கசந்தது. சர்க்கரை போட்டிருக்கிறாளாம்.

மார்ச் 6

கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தாள் நடுவில் நெட்டை சிரித்துக்கொண்டிருந்தான். மருமகள் மேலே நாலு வரி அடித்தாள். அவன் கீழே நகர்ந்தான். இன்னும் நாலு வரி. அடுத்த பக்கத்துக்கே போய்விட்டான்.

"இன்னும் ரெண்டு வரி போடும்மா."

"சும்மா இருங்க மாமா. படத்தைத் தப்பான இடத்துல வச்சுட்டேன்."

ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 7

சரிசெய்துவிட்டாள். பக்கத்தின் மேல் ஓரத்தில் ஹெட்டர் என்று ஒரு இடம் இருக்கிறதாம். படத்தை அதற்குள் வைத்து, எழுத்துக்குப் பின்னால் தள்ளி, வெளிற வைத்துவிட்டாள்.

"இனி எத்தனை பக்கம் அடிச்சாலும் எல்லாத்துலயும் அதே இடத்துல இருப்பார் மாமா. யாரு தள்ளினாலும் நகர மாட்டார்."

எனக்குத் தெரியாதா? ஐம்பது வருஷமாக அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறான்.

எங்கள் ஐந்து பேரில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன். முதலாளிக்குக் கொடுத்த முதல் மனுவில் நான் மூன்றாவதாக ரேகை வைத்தேன். மூட்டை காத்திருந்தது, போனேன். கிடங்குக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தால் நெட்டை பேனாவைப் பிடித்து நெளித்து நெளித்துக் கையெழுத்துப் போடுகிறான். நீலப் பேனா, மூடியில் கீறல். மசி போகாத விரலோடு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கையெழுத்துக்குத்தானே தலைவர் பதவி? மூட்டை தூக்கியதில் நான் என்ன குறைச்சல்?

மார்ச் 9

பொய் சொன்னேன். "செயலாளர் மனசு மாறிட்டாரும்மா. என் படத்தையே போடச் சொன்னார்."

மருமகள் ஒரு மாதிரி பார்த்தாள். போட்டாள். வெளுத்த என் முகத்தின்மேல் எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. அழகாகத்தான் இருந்தேன்.

மார்ச் 12

தாளைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தேன். செயலாளர் வாயைப் பிளந்தார். "ஐயா, இப்படிப் போடச் சொன்னது யாரு?" பாழாய்ப்போனவன், நெட்டையும் ஊன்றுகோலோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான். தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தான்.

"அடேய் குட்டை! நல்லாத்தான்டா இருக்கு. என் மூஞ்சின்னா தாளுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். இவனையே போடுங்கப்பா."

விட்டுக்கொடுக்கிறானாம்! அவன் போடுற பிச்சை எனக்கு எதுக்கு? "முதல் மனுவை எடுங்க. அவன் கையெழுத்துக்கு முன்னாடி யாரு ரேகை இருக்குன்னு பார்ப்போம்" என்று கத்திவிட்டேன்.

நெட்டை சிரிப்பை நிறுத்திவிட்டான்.

மார்ச் 15

முதலாளி திருப்பி அனுப்பியதிலிருந்து சங்கப் பெட்டியில் கிடந்த மனுவைச் செயலாளர் கொடுத்தனுப்பினார். மருமகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல கையெழுத்தே இல்லையே மாமா. அஞ்சும் ரேகை."

"கடைசியில பாரும்மா."

"கடைசியிலயும் ரேகைதான். பக்கத்துல அஞ்சு பேரு பேரும் எழுதியிருக்கு. எல்லாம் ஒரே கை. உங்க பேருதான் ரொம்ப அழகா இருக்கு."

பேனா ஓடியது நிஜம். என் கண்ணால் பார்த்தேன். அது ஓடினது என் பேரை எழுதவா?

மார்ச் 16

அவன் வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தான்.

"ஏன்டா நீ கையெழுத்துப் போடலை?"

"நாலு ரேகைக்கு நடுவுல ஒரு கையெழுத்து நின்னா முதலாளி யாரை முதல்ல பிடிப்பான்? பயம்டா." பல்லில்லாத வாயால் சிரித்தான். "இத்தனை வருஷமா வீரன்னு பேரு வாங்கி வச்சிருந்தேன். பெட்டியைத் திறந்து கெடுத்துட்டியே, பாவி."

திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது. பயந்தவன் என் பெயரை எதற்கு அவ்வளவு அழகாக எழுதினான்?

மார்ச் 19

பொய்யை மருமகளிடம் ஒப்புக்கொண்டேன். "அன்னிக்கே தெரியும் மாமா" என்றாள். ரெண்டு மூஞ்சியும் வேண்டாம், ஐந்து ரேகையையும் போடு என்றேன். செயலாளரும் சரி என்றார்.

ஏப்ரல் 2

புதுத் தாளில் முதல் கடிதம் இன்று போயிற்று. நெட்டையின் மகளுக்கு, இரங்கல் கடிதம். மருமகள் வாசித்துக் காட்டினாள். என் காதில் விழவில்லை. எழுத்துக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையாவது என்னால் படிக்க முடிகிறது.

அவன் ரேகை என்னுடையதைவிடப் பெரிது. இருக்கட்டும்.

முதல் ரேகை செவிடன், காய்ச்சலில் போனான். இரண்டாவது கொக்கு, பாரம் சரிந்து போனான். நான்காவது மீசை, போன மழைக்காலம். ஐந்தாவது நெட்டை, இதிலும் என்னை முந்திக்கொண்டான்.

மூன்றாவது, குட்டை.