அரிசிக்கு மேலே அப்பளம்

அண்ணாச்சி,

இன்று காலை அரிசி ஆலை முற்றத்தில் வெயிலுக்கு விரித்திருந்த லாரித் தார்ப்பாயின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் இல்லாமல் வரும் முதல் பங்குனி இது.

கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் வேலைக்கு நான் சேர்ந்ததும் ஒரு பங்குனியில்தான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆனால் வெளியாட்களிடம் பேச நா எழாது. விஷுவுக்கு முன்னால் திருவனந்தபுரத்துக்கு நூறு பெட்டி போயாக வேண்டும். தவறினால் அந்த வியாபாரி வேறு இடம் பார்த்துக்கொள்வார். அப்பளம் இடும் பெண்களுக்குப் பாதி நாள் வேலை இருக்காது. அதே வாரங்களில்தான் பிசான நெல் அறுவடை. ஊரில் இருந்த லாரியெல்லாம் அரிசிக்குப் போய்விட்டது.

ஆலை வாசலில் நீங்கள் திருவனந்தபுரம் போகும் உங்கள் லாரியில் அரிசி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். மூட்டைகள் பாதி உயரத்திலேயே நின்றுவிட்டன. லாரி தாங்கும் எடை அவ்வளவுதான். மேலே இடம் சும்மா கிடந்தது. என் யோசனையை ஒரு தாளில் எழுதி உங்களிடம் நீட்டினேன்.

"கண்ணாடி கொண்டாரல. வாயால சொல்லு தாயி."

சொன்னேன்.

"அரிசி மேல அப்பளமா? களியக்காவிளை போறதுக்குள்ள தூளாயிரும்லா. விஷுவுக்குப் பொடியையா பொரிப்பாவ?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஒரு பெட்டிய வச்சு ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி. தூளாச்சுன்னா நான் இனி இங்கன வரல."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

பெட்டியை மூட்டை மேல் கட்டி, குண்டும் குழியுமான ரோட்டில் சேரன்மகாதேவி வரை போய்த் திரும்பினீர்கள். பிரித்தோம். இரண்டே இரண்டு உடைந்திருந்தன. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? பெட்டிய ஏத்துங்கலே!" என்று கத்தினீர்கள்.

விஷுவுக்கு மூன்று நாள் முன்பே சரக்கு சேர்ந்துவிட்டது. வியாபாரி போனில் இன்னும் நூறு பெட்டி கேட்டார்.

அடுத்த வருஷம் அறுவடைக்கு முன்பே ஆலை ஆலையாகப் போய், எந்த நாள் எத்தனை லாரி கிளம்பும் என்று கேட்டு வந்து, அதற்கேற்ப அப்பளம் இடும் நாட்களை வகுத்தேன். "நம்ம லாரிக்கே பிள்ள நாள் குறிக்கா பாத்தியளா!" என்று எல்லா டிரைவர்களிடமும் சொல்லித் திரிந்தீர்கள்.

இந்தப் பங்குனியிலும் ஒரு பெட்டிகூடத் தேங்கவில்லை, அண்ணாச்சி. பாரம் ஏற்றிய எந்த லாரியைப் பார்த்தாலும் என் கண் முதலில் மூட்டைகளுக்கு மேலே உள்ள காலி இடத்துக்குத்தான் போகிறது. டிரைவரிடம் நேரே போய்க் கேட்டுவிடுகிறேன்.