டாப்பெட் சத்தம்

கோட்டைமேடு,
கோயம்புத்தூர்.

அன்பு மகள் நஸ்ரியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. ஜெர்மனியில் குளிர் இறங்கிவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ கண்ணு. டிசம்பரில் லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னபோது பரவாயில்லை என்று போனில் சொல்லிவிட்டேன், மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அம்மா மௌத்தானபின் பகல் நீண்டுபோய்விட்டது. அஸர் தொழுதுவிட்டு வந்தால் வீட்டில் பேச ஆளில்லை. ஷெட்டில் நீ பிரித்துப்போட்டுப் போன எஸ்டீம் கார் இன்ஜினை முடித்துவைத்தால், வந்ததும் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டுவாயே என்று ஜூலையில் ஆரம்பித்தேன். நாற்பது வருடம் துணிக்கடையில் மீட்டர் கோல் பிடித்தவனுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? கணபதியில் பட்டறை வைத்திருக்கும் கோவிந்தராஜுலுதான் துணை. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுக்கு, நீ சுவரில் ஒட்டிய பட்டியலில் மிதமான கேம்ஷாஃப்ட் என்றுதான் இருந்தது. உக்கடம் பழைய சாமான் கடையில் ரேஸ் காரிலிருந்து கழற்றிய பெரிய கேமும் பெரிய கார்பரேட்டரும் மலிவாகக் கிடைக்கவும், என் மகளுக்குச் சின்னதையா போடுவது என்று வாங்கிவந்துவிட்டேன். கோவிந்தராஜுலு பார்த்ததுமே, "ஏனுங்க பாய், ரெண்டும் தனித்தனியா நல்ல சாமானுங்க, ஆனா உள்ள இருக்கற பிஸ்டனும் ஸ்பிரிங்கும் ஊட்டுக் காரோடதாச்சுங்களே" என்றார். நான்தான் பிடிவாதமாக மாட்டச் சொன்னேன். சூலூர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினால், மெதுவாகப் போகும்போது இழுவையே இல்லை, சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது. சிந்தாமணிப்புதூரில் நடுரோட்டில் நின்றே போயிற்று. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன் நஸ்ரியா.

பிறகு உன் பட்டியலுக்கே திரும்பினேன். மிதமான கேம், அதற்குத் தோதான வால்வ் ஸ்பிரிங், இன்ஜின் ஹெட்டைக் கொஞ்சம் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றியது, பழைய கார்பரேட்டரிலேயே பெட்ரோல் பாயும் ஜெட்டை மட்டும் மாற்றியது, எக்ஸாஸ்ட் குழாயும் அளவானதுதான். ஒன்றின் அளவைப் பார்த்துத்தான் அடுத்ததை வாங்கினோம். மூன்று மாதம் தினமும் பட்டறை, டீ, அவரோடு வாய்ச்சண்டை. முடிந்ததும் மேட்டுப்பாளையம் போய்வந்தேன், மூன்றாவது கியரில் அப்படியொரு இழுவை. திரும்பி வந்து இறங்கியதும் கோவிந்தராஜுலு கையைத் துடைத்துக்கொண்டே, "வேல முடிஞ்சுதுங்க பாய், இனி நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டாமுங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அன்று ரோட்டில் நின்றபோதுகூட இப்படி இருந்ததில்லை. இரண்டு நாள் வீட்டில் இருந்து பார்த்தேன், முடியவில்லை. மூன்றாம் நாள் காரை எடுத்துப்போய், வால்வைத் தட்டும் டாப்பெட்டில் ஏதோ டிக் டிக்கென்று சத்தம் வருகிறது என்று சொன்னேன். பொய் கண்ணு. அவர் பானெட்டைத் திறந்து வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார். என் முகத்தை ஒருதரம் பார்த்தார். "ஆமாங்க பாய், சத்தம் இருக்குதுங்க. லேசுல புடிபடாதுங்க. வண்டிய இங்கயே உட்டுப்போட்டுப் போங்க, தினம் வந்தீங்கன்னா ரெண்டு பேருமாக் கேட்டுப் பாத்துக்கலாமுங்க" என்றார். இன்றோடு ஒன்பது நாளாகப் போய்வருகிறேன்.

அல்லாஹ் உனக்கு நிறைந்த ஆயுளையும் நிம்மதியையும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, கோவிந்தராஜுலு போனில் பேசினால் அந்தச் சத்தம் சரியாயிற்றா என்று கேட்டுவிடாதே.

துஆக்களுடன்,
உன் அத்தா
அப்துல் வஹீது