பத்தொன்பதாம் பக்கம்

7 ஜூலை 2025, திங்கள்

வெயில். மகன் பென்சன் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிட்டான். பதினோரு மணிக்கு மருமகள் எவாஞ்சலின் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறவள். ஏதோ ஒரு கருவிக்கு விளக்கப் புத்தகம் எழுதுகிறாள். ஒன்றும் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்று அவளுடைய மேலதிகாரி சந்திரலேகா சொன்னாராம்.

“அதுக்கு நம்ம வூட்லயே ஆளு கீதுன்னு சொல்லிட்டியா?” என்றேன்.

“நான் சொல்லல மாமா. நீங்களாத்தான் ஒத்துக்கிடுதிய.”

தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரி. வாய்க்குக் குறைவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த நாட்குறிப்பைக்கூட நான் சொல்லச் சொல்லப் போன்தான் எழுதிக்கொள்கிறது, அவள் பழக்கிவிட்டது. ஆனால் காதில் விழுந்தது எதுவும் என்னைவிட்டுப் போகாது.

9 ஜூலை, புதன்

மூன்றாம் நாளாகப் படித்துக் காட்டுகிறாள், இங்கிலீஷைத் தமிழாக்கி. புரிந்த அளவில்: கணினிக்குள் தானாக வேலை செய்யும் ஆள் மாதிரி ஒன்று இருக்கிறது, ஏஜென்ட். அது ஒரு காரியத்தில் கைவைக்கும் முன் இந்தக் கருவியைக் கேட்கும்: இதற்கு என்ன பாதுகாப்பு விதி? கருவி ஆயிரம் விதிகளில் தேடிப் பொருந்துவதை மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

“விதியே கெடைக்கலன்னா?”

“நாலாம் பக்கத்துல போட்டிருக்கேன் மாமா. அப்படியே நின்னுரணும். ஒரு மனுசன்ட்ட கேக்கணும்.”

சரிதான். ஒரகடத்தில் இருபத்திரண்டு வருஷம் நானும் ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்கு நின்றவன். பதிவேடு எழுதுவது கூட நின்ற கன்னியப்பன், தடுப்புக் கட்டையைத் தூக்குவது நான். சீட்டு இல்லாத லாரியை உள்ளேயும் விடமாட்டோம், திருப்பியும் அனுப்பமாட்டோம். ஓரங்கட்டிவிட்டு உள்ளே போன் போடுவோம்.

வெள்ளிக்கிழமை அவள் அனுப்பியாக வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம், வீட்டிலிருந்தே. தேறாவிட்டால் பெங்களூரு ஆபீஸில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டுமாம். அப்புறம் பகலெல்லாம் இந்த வீட்டில் நானும் மின்விசிறியும்.

11 ஜூலை, வெள்ளி

கடைசிப் பக்கங்கள். பத்தொன்பதில் ஓர் உதாரணம் படித்தாள். ஏஜென்ட் ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளிகள் பட்டியலை வெளியே அனுப்பப் பார்க்கிறது. விதி தேடுகிறது. கிடைக்கவில்லை. அனுப்பிவிடுகிறது.

நாலாம் பக்கத்தில் நிற்கச் சொன்னாளே?

“எல்லாம் வெளங்குச்சா மாமா?”

“வெளங்குச்சிம்மா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? இப்போது போய்ச் சொன்னால் இன்று அனுப்ப முடியாது. பெங்களூரு பஸ்தான் கண்ணில் நின்றது. நாலு மணிக்கு அனுப்பிவிட்டு, சந்தோஷத்தில் வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். இரண்டாவது பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

12 ஜூலை, சனி

இன்றும் சொல்லவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். “எம்மா, நாலாம் பக்கம் ஒண்ணு சொல்து, பத்தொம்போது வேற சொல்து.”

பூசைக்குக் கட்டின சேலையோடு கணினியைத் திறந்தாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“கருவிய ஓட்டிப் பாத்து, அது செஞ்சத அப்படியே எழுதினேன் மாமா. அப்போ... புத்தகம் தப்பில்ல. கருவியேல்லா தப்பாப் போவுது!” பிறகு என்னைப் பார்த்தாள். “ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“வெள்ளிக்கெழமையே.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்திய?”

“சொன்னா உன்ன பெங்களூருக்கு இஸ்துகினு பூடுவாங்கன்னு...”

அவள் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்திரலேகாவுக்கு எழுதிப் போட்டாள். மத்தியானம் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம். இது அதைவிட — போதும்.

16 ஜூலை, புதன்

சந்திரலேகா போன் செய்தார். கருவியை வெளியே விடாமல் நிறுத்திவிட்டார்களாம். எவாஞ்சலினுக்கு வேலை நிரந்தரம்.

“கண்டுபிடிச்சது எங்க மாமான்னு சொன்னேன். சிரிக்காவ.” மூன்று நாளில் என்னோடு அவள் பேசிய முதல் பேச்சு. அப்புறம் குரலை இறக்கினாள். “கருவியச் சரி பண்ணுத ஆளுவளோட நானும் இருக்கணுமாம். பெங்களூருல. ஒரு வருசம்.”

பென்சன் இங்கேதான். அவள் வெள்ளிக்கிழமை வருவாள், திங்கள் போவாள்.

அனுப்பாமல் வைத்திருக்கப் பார்த்தேன். நானே வழியனுப்புகிறேன். இன்னாடா யாகப்பா, உனக்கு இந்த வாய் தேவையா?

4 ஆகஸ்ட், திங்கள்

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். தரமாட்டேன் என்றாள், பிடுங்கிக்கொண்டேன்.

“மாமா, நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்லா?”

“இருந்துருக்கலாம்.”

“பின்ன ஏன்?”

“தப்புன்னு தெரிஞ்ச புக்ல உன் பேரு இருக்கக் கூடாதும்மா.”

என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். “கைய உள்ள வெய்யி, லாரி வருது” என்றேன். வைத்துக்கொண்டாள்.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்குப் போகிற வண்டி உடனே வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததில்தான் ஏறினேன்.