நேற்று ஓடிய கார்

உங்கள் மகள் வாசுகி நேற்று ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பழைய கைலியில் சுற்றியிருந்தது. பிரிக்கவே வேண்டியதில்லை அண்ணே. கருகின எண்ணெயும் துருவும் கலந்த வாடை அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு எட்டிவிட்டது. உங்கள் சட்டை வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகமாட்டேங்குது என்று அம்மா குழாயடியில் திட்டிக்கொண்டே துவைக்குமே, அதே வாடை.

உள்ளே இருந்தது ஒரு பிஸ்டன். இஞ்சினுக்குள் மேலும் கீழும் போய்வருவதாம். பால்டின் அளவு இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க நகத்தால் பிறாண்டின மாதிரி கோடுகள்.

"பட்டறைக்காரர் உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு அத்தை. வண்டி ரெடி. நாளைக்குக் காலையில வர்றேன், பாட்டி சமாதிக்குப் போயிட்டு வருவோம். வரமாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க லா."

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்தக் காரில் செத்தாலும் ஏறமாட்டேன் என்று நான் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. எனக்கும் எதுவும் மறப்பதில்லை. போன வருஷம் உங்கள் சாவுக்கு வந்தபோதும், போர்ச்சில் துருப்பிடித்துக் கிடந்த அந்தக் காரைப் பார்க்கப் பிடிக்காமல் பின்பக்கமாகத்தான் நுழைந்தேன். கருமாதிச் சோற்றில் கை வைக்கவில்லை. பார்த்தவர்கள் பேசினார்கள். பேசட்டும்.

நம் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது அந்தப் பச்சைக் காரை டிரைவரான உங்களிடமே விட்டுப்போனார். கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். பால்மரம் சீவுகிறவள் மகனுக்கு அப்படி ஒரு கார். "வேலை வாங்குற மண்டோருக்கு சைக்கிளு, டிரைவருக்கு ஸ்போர்ட்ஸ் காரு" என்று லயத்து வீடுகளெல்லாம் சிரித்தன. நம் வீட்டுத் தகரம் அம்மா படுக்கிற இடத்தில் ஒழுகியது. கேன்வாஸோ காருக்குப் போனது. கேட்டால், "மழை பட்டா அம்மா துடைச்சுக்கும், வண்டி துடைச்சுக்குமா?" என்பீர்கள். அம்மாவும் சேர்ந்து சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டாளியை ஏற்றிக்கொண்டு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனீர்கள். சாயங்காலம் வண்டி ஆலை மேட்டில் ஏறி வந்ததைக் குழாயடியில் நின்று பார்த்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கேன்வாஸை இழுத்து மூடினீர்கள்.

மறுநாள் விடிந்ததும் மரம் சீவிக்கொண்டிருந்த அம்மாவைப் பாம்பு கடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் காலைக் கட்டிவிட்டு, "சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இப்பவே" என்றார். ரப்பர் பால் ஏற்றுகிற லாரி வெளியே போயிருந்தது. எல்லார் கண்ணும் உங்கள் கேன்வாஸுக்குத்தான் போனது.

"ஓடாது. இஞ்சின் இறுகிப் போச்சு" என்றீர்கள்.

"நேத்து ஓடுச்சே" என்றேன்.

"நேத்து ஓடுச்சு."

நாலு ஆம்பளைகள் தள்ள வந்தார்கள். மேட்டிலிருந்து தள்ளிவிட்டால் கிளம்பிவிடும், எத்தனையோ தடவை அப்படிக் கிளம்பியிருக்கிறது. நீங்கள் தொடவிடவில்லை. அம்மாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மரங்களுக்கு நடுவே பெரிய ரோட்டைப் பார்த்து ஓடினீர்கள். நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் வருவதற்குள் உங்கள் முதுகில் அம்மாவுடைய கை தொங்கிவிட்டது.

நீங்கள் ஓடினதை நான் என்றைக்கும் பேசினதில்லை. தள்ளவிடாததை மட்டும்தான் பேசினேன். சேற்றில் இறங்கினால் காருக்குக் கீறல் விழும், அதற்காகப் பொய் சொன்னார் என்று உங்கள் கல்யாணத்தில் சொன்னேன். தெமியாங்கில் உங்கள் மச்சினர் வீட்டு விசேஷத்தில், பந்தியில் வைத்துச் சொன்னேன். நீங்கள் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டீர்கள். ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

தோட்டத்தை விற்றதும் செனாவாங்குக்குக் குடிபோனீர்கள். அந்தக் காரும் லாரியில் ஏறி உங்களோடு வந்தது. நீங்கள் கண்ணை மூடினபிறகு வாசுகி அதை மம்பாவில் ஜமால் பட்டறைக்கு இழுத்துப் போனாள். தரைத்தகடு உதிர்ந்து கீழே போர்ச்சுத் தரை தெரிந்ததாம். ஜமால் அரித்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார். ஜப்பானிலிருந்து முன்பாதி மட்டும் வெட்டி வருகிற கார்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றிலிருந்து புது மாடல் இஞ்சினை கியர்பாக்ஸோடு வாங்கினார்கள்.

பழைய இஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கின அன்றைக்கு நானும் போய் நின்றேன். அது நல்ல இஞ்சின்தான் என்று ஒரு மனிதர் வாயால் கேட்க வேண்டும். அதற்குத்தான் போனேன்.

"துருவுலதானே தம்பி இறுகிச்சு? அதுக்கு முன்னாடி நல்லா இருந்திருக்கும்ல?"

ஜமால் கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி இந்தப் பிஸ்டனை வெளியே எடுத்தார். கோடுகளை விரலால் தடவினார். "துரு பின்னாடி வந்ததும்மா. இது எண்ணெ இல்லாம ஓடி, சூட்டுல இறுகினது."

"தள்ளியிருந்தா?"

"ஊரே சேர்ந்து தள்ளினாலும் டயர்தான் தேஞ்சிருக்கும். கடைசியா ஓட்டினப்ப டொக்கு டொக்குன்னு இரும்பைத் தட்டற மாதிரி சத்தம் வந்திருக்கணுமே. யாரும் கேக்கலியா?"

நான் கேட்டேன் அண்ணே. குழாயடியில் நின்று கேட்டேன். தகரத்தில் சுத்தியல் விழுகிற மாதிரி, மேடு ஏறுகிற வரைக்கும். அந்தச் சாயங்காலத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கார் ஏறி வந்ததைச் சொல்வேன். சத்தத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் ஞாபகம் எப்போதும் என் பக்கம்தான் நிற்கும் என்று இருந்தேன். அன்றைக்குப் பட்டறையில் அது உங்கள் பக்கம் போய் நின்றது.

அதனால் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் பார்க்காமல் போர்ட்டிக்சன் வரைக்கும் விரட்டினது யார்? அதைக்கூட விடுங்கள். ஒரு தடவை அந்த பானெட்டைத் தூக்கி, "வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டிருக்கலாம். யாரையும் தொட விட்டதே இல்லை என்கிறாள் வாசுகி. "அது அப்படியே கிடக்கட்டும்" என்பீர்களாம். ஞாயிற்றுக்கிழமையானால் மேலே மட்டும் துடைப்பீர்களாம். நான் உங்களைப் பொய்யன் பொய்யன் என்று ஊரெல்லாம் சொல்ல, நிஜம் உங்கள் போர்ச்சிலேயே மூடிக் கிடந்திருக்கிறது. உங்களுக்கு நீங்களே தண்டனை கொடுத்துக்கொள்ள என் வாயா கிடைத்தது?

இன்றைக்குக் காலையில் வாசுகி வந்தாள். அதே பச்சைதான் பூசியிருக்கிறாள். கதவைத் திறந்துவிட்டு நின்றாள். ஏறினேன். இருக்கை தரையோடு தாழ்வாக இருக்கிறது, காலை நீட்டித்தான் உட்கார முடிகிறது. அம்மாவை இதில் சாய்த்து வைத்திருக்க முடியுமா என்று கண்ணால் அளந்தேன். முடிந்திருக்கும். தாராளமாக முடிந்திருக்கும்.

வாசுகி ஒரு பொத்தானை அழுத்தினாள். அழுத்தினதும் கிளம்பிவிட்டது அண்ணே.

"என்ன அத்தை, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? பயமா?"

"நீ ஓட்டு" என்றேன்.

பிஸ்டனைச் சமாதியில் வைத்துவிட்டு வரத்தான் கொண்டுபோனேன். வைக்க மனசு வரவில்லை. அம்மாவிடம் கொடுத்தால் அம்மா உடனே உங்களை மன்னித்துவிடும். திரும்ப மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கைலியைத் தாண்டி எண்ணெய் கசிந்து புடவையில் கறையாகிவிட்டது. வந்ததிலிருந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுவிட்டேன். போகமாட்டேங்குது.