குடைக்காரரின் நெற்றி

சின்ன காஞ்சிபுரம்,
ஆவணி, வியாழக்கிழமை

சிரஞ்சீவி ஸ்ரீவர்தனுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் க்ஷேமம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அப்படி எழுத வரவில்லை. பயப்படாமல் முதலில் இதைப் படித்துக்கொள்: லக்ஷணா இப்போது நம் வீட்டில்தான் படுத்திருக்கிறாள். குழந்தையின் அசைவு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை ‘வழக்கமான செக்கப்’ என்று உனக்கு மெசேஜ் போட்டாளே, அது செக்கப் இல்லை.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கூடத்தில் பேசினால் உன் அப்பா காதில் விழுகிறது. மாடிக்குப் போனால் லக்ஷணா கேட்கிறாள். சனிக்கிழமை மணிவண்ணன் உங்கள் ஊரில் உன் பொம்மைக் கம்பெனி நடத்தும் ரசிகர் கூட்டத்துக்கு விமானம் ஏறுகிறார். கடிதத்தை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மணிவண்ணனை நீ கம்ப்யூட்டரில்தான் பார்த்திருப்பாய். வைகாசி உற்சவத்தின்போது நீ சொன்னாய் என்று அவர் முதன்முதலாக வந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருக்கிற மனிதர், ஐம்பதை நெருங்குகிறவர், மில்லுக்குப் பின்னால் ஒரு அறையில் பிளாஸ்டிக் கட்டைகளால் ஒரு ஊரையே கட்டி வைத்திருக்கிறாராம். இந்த வயதில் பொம்மை எதற்கு என்று கேட்டே விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அம்மா, பசங்க வெளையாடக் கேக்குது. நாங்க நம்ம ஊரு அதுல இருக்குதான்னு பாக்குறோம். இத்தினி வருசமா ராக்கெட்டு, கோட்டை, போலீஸ் ஸ்டேஷன்னே வந்துக்கினு இருக்குது. எங்க தெருவுல நடக்குற ஆளு ஒருத்தன்கூட அந்தப் பெட்டியில கெடையாதும்மா” என்றார்.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் கம்பெனி பெரியவர்களான ரசிகர்களிடம் புதிதாக என்ன வேண்டும் என்று கேட்டதையும், நம் பக்கத்து ரசிகர்கள் எல்லோரும் கோயில் உற்சவம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டதையும் சொன்னார். பெருமாளைப் பொம்மையாகச் செய்யக் கூடாது, பெருமாளுக்கு வேலை செய்கிறவர்கள் இருந்தால் போதும் என்று நீ சொன்னாயாமே. அதைக் கேட்டு உன் அப்பாவுக்குக் கண் கலங்கியது. தொப்பை உள்ள ஆள் வேண்டும், நரைத்த மீசை வேண்டும், எல்லாப் பொம்மைக்கும் அதே சிரிப்பு கூடாது, பாரம் தூக்குகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், வேட்டி கட்டிய கால் நடக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்களாம். முக்கியமாக முகமும் துணியும் அச்சிலேயே வர வேண்டுமாம், ஸ்டிக்கர் கூடவே கூடாதாம். பெட்டியில் ஒரே ஒரு பெண், அவளும் கோலம்தான் போடுகிறாள், ஏன் என்று நான் கேட்டேன். அதையும் எழுதிக்கொண்டார்.

உற்சவத்தில் பெருமாளுக்குக் குடை பிடிக்கிறவர் எப்படி நிற்பார் என்று அவர் கேட்டதும், உன் அப்பா தன் கறுப்புக் குடையை விரித்துக் கூடத்தில் நடந்தே காட்டினார். காற்று அடித்தால் இடுப்பை எந்தப் பக்கம் சாய்ப்பது, வேட்டியை எங்கே இழுத்துச் செருகுவது, எல்லாம். ரிட்டயர் ஆன பிறகு அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. என் பிள்ளை பெருமாள் குடையை உலகமெல்லாம் அனுப்பப் போகிறான் என்று தெருவில் ஒருவர் விடாமல் சொன்னார்.

பிறகுதான் நீ செய்த மாதிரியின் படம் வந்தது. குடைக்காரர் நெற்றியில் நம் வீட்டுத் திருமண். நீ தினமும் கண்ணாடியில் எதைப் பார்த்து வளர்ந்தாயோ அதை வரைந்தாய், வேறு ஒன்றும் நினைத்திருக்க மாட்டாய். எனக்குத் தெரியும். நாமத்தில் என்ன தப்பு என்று மணிவண்ணனுக்குப் புரியவே இல்லை. நாங்கள் வடகலை, திருமண் வளைந்து புருவ நடுவில் முடிந்துவிடும், லக்ஷணாவின் பிறந்த வீடு தென்கலை, அவர்களுக்கு மூக்கின் மேல் பாதம் இறங்கும் என்று நான் காகிதத்தில் வரைந்து காட்டினேன். “இவ்ளோதானாம்மா வித்தியாசம்?” என்றார். இந்த ஊரில் அதைச் சத்தமாகச் சொல்லாதீர்கள் என்றேன்.

உன் மாமனார் மணவாளன் அந்தப் படத்தைப் போனில் காட்டிக்கொண்டே வந்தார். உங்கள் கல்யாணத்துக்குச் சம்மதிக்க அந்த மனிதர் எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டார் என்பது உனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் எப்படியோ பழகி, சாயங்காலம் காபிக்கு நம் வீடுதான் என்று ஆகியிருந்தது. அன்று காபியைத் தொடவில்லை. “குடை பிடிக்கிறவாள்லாம் உங்க மனுஷாதான்னு உலகத்துக்கே சொல்லியாச்சா?” என்று கேட்டார். உன் அப்பா, “என் பிள்ளை என் திருமண்ணைத்தானே போடுவான், வேற யாரோடதைப் போடுவான்?” என்றார். நான் நடுவில் புகுவதற்குள் வார்த்தை எங்கேயோ போய்விட்டது. இரண்டு பேரும் வாயால் பொம்மையைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் இரண்டு பேர் கண்ணும் மாறி மாறி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த லக்ஷணாவின் வயிற்றுப் பக்கம் போய் வந்தது. அவள் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

சீமந்தத்துக்கு இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு உன் மாமனார் போனார். உன் அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் உன் யோசனை வந்தது, ஒரே தலையில் இரண்டு முகம். ரசிகர்களுக்கு அது பிடிக்கும் என்று மணிவண்ணன் சொன்னார். தலையைத் திருகினால் பின்னால் இன்னொரு முகமாம், குடுமி வைத்த முடியைக் கவிழ்த்தால் ஒன்று மறைந்துவிடுமாம். ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் பாதம். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. நீ அனுப்பிய மாதிரியை எடுத்துக்கொண்டு அவர் செவ்வாய்க்கிழமை வருகிறார் என்றதும், லக்ஷணாவை விட்டுக் கெஞ்சச் சொல்லி உன் மாமனாரை வரவழைத்தேன். அவரை வரவழைத்தது என் யோசனை. வேறு யாரையும் குறை சொல்லாதே.

மணிவண்ணன் குடைக்காரரை ஸ்டூலின் மேல் நிற்க வைத்தார். முடியைக் கழற்றினார், தலையைத் திருப்பினார், மறுபடி மாட்டினார். முகமெல்லாம் சந்தோஷம் அவருக்கு. கடைசியில் உன் மாமனார், “ரெண்டு முகம் இருக்கறவனை நாம என்னன்னு சொல்லுவோம்?” என்று கேட்டார். “அதானே” என்றார் உன் அப்பா. அந்த மாதம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். மணிவண்ணன் வந்தது தெரு வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கியதும் பைக்கில் வந்த பையன்கள் சுற்றிக்கொண்டார்கள். நம் பக்கத்துப் பையன்களும் இருந்தார்கள், அவர்கள் பக்கத்துப் பையன்களும் இருந்தார்கள், யாரென்றே தெரியாத சிலரும் இருந்தார்கள். “இன்னாய்யா, எங்க கோயிலப் பொம்மையாக்கி விக்கிறியா?” என்று ஒருவன் பெட்டியைப் பிடுங்கினான். இன்னொருவன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். தள்ளியதில் மணிவண்ணனின் கண்ணாடி கீழே விழுந்து, யாருடைய காலோ அதன் மேல் ஏறியது. அவர் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. “அது ஒரே ஒரு பீஸுதான் இருக்குது தம்பி, பாத்துப்பா, ஒடஞ்சிடப்போவுது” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். உன் அப்பாவும் மாமனாரும் படியில் நின்றார்கள். யாரும் இறங்கவில்லை. தன் பக்கத்துப் பையனை எப்படி அதட்டுவது என்று ஒவ்வொருவருக்கும் தயக்கம்.

லக்ஷணாதான் இறங்கினாள். எட்டு மாத வயிற்றோடு அந்தக் கூட்டத்துக்குள் நேராக நடந்து போய்க் கையை நீட்டினாள். “அது எங்காத்துக்காரர் பண்ணினது. கொடு” என்றாள். அந்தப் பையன் கொடுத்துவிட்டான். வாங்கி மணிவண்ணனிடம் கொடுத்தாள், திரும்பினாள், படியில் கால் வைத்ததும் அப்படியே என் மேல் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தபோது டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

வார்டு வாசலில் இரண்டு அப்பாக்களும் ஆளுக்கு ஒரு பெஞ்ச். யேசுதாஸ் என்று ஒரு நர்ஸ் பையன் வந்து, பேஷண்டோட அப்பா யாரு என்று கேட்டான். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். யாராவது ஒருத்தர் மட்டும் உள்ளே வாங்க என்றான். எழுந்தவர்கள் நின்றது நின்றபடியே இருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை. நான்தான் உள்ளே போனேன்.

அவள் கண்ணை மூடியபடியே, “அம்மா, இவா ரெண்டு பேரும் ஒரு தடவையாவது என்னைக் கேட்டாளா?” என்றாள். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. எதைப் பற்றி என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தபோது மணிவண்ணன் உடைந்த கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றிருந்தார். பொம்மையின் நெற்றியை ஒன்றும் இல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டார். “பாழ் நெத்தியாவா?” என்று இரண்டு பெஞ்சிலிருந்தும் ஒரே சமயத்தில் குரல் வந்தது. எனக்கு அங்கேயே பொறுமை போய்விட்டது. ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கவில்லை. “திருமண்ணோட யாராவது பொறக்கறாளா? நீங்க ரெண்டு பேரும் பொறந்தேளா? தினம் குளிச்சுட்டு, கண்ணாடி முன்னாடி உக்காந்து அவாவா கையால இட்டுக்கறது. அந்தப் பொம்மைக்கும் அப்படியே இருக்கட்டும். வெறும் நெத்தியோட வரட்டும், பெட்டியில ஸ்டிக்கர்ல ரெண்டும் இருக்கட்டும். யார் வாங்கறாளோ அவா கையால இடட்டும்” என்றேன்.

முதலில் பதறியவர் மணிவண்ணன்தான். “அம்மா, ஸ்டிக்கர்னு போய் நின்னா எங்க ஆளுங்க என்னை அடிப்பாங்கம்மா” என்றார். அடிதான் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதே என்றேன். நூல் கட்டிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கையால இடுறதுன்னு நீங்க சொன்னதை அப்படியே சொல்லிப் பாக்குறேன். ஒத்துக்கினாலும் ஒத்துக்குவாங்க” என்றார். உன் மாமனார், “ஸ்டிக்கர் தாள்ல எது மேல இருக்கும்?” என்று கேட்டார். சீட்டுக்கட்டு ராஜா மாதிரி தலைகீழாக அச்சடிக்கச் சொல்கிறேன், திருப்பிப் பிடித்தால் கீழே இருப்பது மேலே வரும் என்றேன்.

சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்காதே. நேற்று உன் மாமனார் லக்ஷணாவுக்குத் தூக்குப் பாத்திரத்தில் மிளகு சாற்றமுது கொண்டுவந்து, வாசல் கதவிலேயே என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். உன் அப்பா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், வாருங்கள் என்று சொல்லவில்லை. சீமந்தம் வேண்டாம், பெண்ணை இப்போதே அனுப்புங்கள் என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்கள். நீ வரும்வரை எங்கேயும் போகமாட்டேன் என்று இவள் சொல்கிறாள். டாக்டர் அவள் மனது அமைதியாக இருக்க வேண்டும் என்கிறார். இந்த வீட்டில் அமைதிக்கு நான் எங்கே போவது?

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்த தென்னேரி வீடும் உன் மாமனார் கலைதான், அது உனக்குத் தெரியும். கல்யாணமாகி இங்கே வந்த அன்றே நான் மாறினேன். பெண்ணுக்கு அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் என் நெற்றிக்காக ஒருவரும் சண்டை போடவில்லை. உன் ஆண்டு நிறைவுக்கு என் அப்பா வந்திருந்தார். எல்லோரும் வாசல் பக்கம் இருந்தபோது, குளிப்பாட்டிய உன்னை மடியில் வைத்துக்கொண்டு, தன் திருமண்ணைக் குழைத்து உன் நெற்றியில் இட்டார், பாதத்தோடு. நீ மூக்கைச் சுருக்கினாய். கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் உத்தரீயத்தின் நுனியை நனைத்துத் தானே துடைத்துவிட்டார். தளிகை அறை வாசலில் கரண்டியோடு நான் நிற்பதை அப்புறம்தான் கவனித்தார். அதற்கு அடுத்த வருஷம் அவர் இல்லை. இதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

உன் மாமனார் கதவிலிருந்து திரும்பி நடந்தபோது எனக்கு அந்த ஈர உத்தரீயம்தான் ஞாபகம் வந்தது.

கூட்டம் முடியட்டும், பெட்டி கடைக்கு வரட்டும் என்று நாள் தள்ளாதே. மணிவண்ணன் மற்றதைப் பார்த்துக்கொள்வார், கெட்டிக்காரர். நீ கிளம்பி வா. வந்து முதலில் உன் அப்பாவிடமும் போகாதே, மாமனாரிடமும் போகாதே. மாடிக்குப் போய் லக்ஷணாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சீமந்தத்துக்கும் குழந்தைக்கும் என்ன வேண்டும் என்று அவளைக் கேள். அவள் சொல்வதை நீயே கீழே வந்து இரண்டு பேரிடமும் சொல். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொள். பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் மணிவண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு நல்லதாக ஒரு கண்ணாடி வாங்கிக்கொடு.

நீயும் லக்ஷணாவும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். வரப்போகும் குழந்தை, ஆணோ பெண்ணோ, நல்ல அகலமான நெற்றியோடு பிறக்க வேண்டும் என்று பெருமாளைச் சேவித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வருகையை எதிர்பார்க்கும்
அம்மா
ரமாமணி